‘டிஷ்யூம்... டிஷ்யூம்!’ படம் பார்த்ததைச் சொல்ல வெட்கம் ஏன்?

தாம்பரம் மின்சார ரெயிலில் சினிமாப் பேச்சு வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். “உங்களுக்குப் பிடிச்ச தமிழ்ப் படம் எது சார்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘உதிரிப்பூக்கள்’ என்பார். இன்னொருவர் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்பார். மூன்றாமவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் சத்யஜித் ரே வரைக்கும் போய்விடுவார்.

‘ஜம்பு’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்!

ஆனால் வண்டி மாம்பலம் தாண்டுவதற்குள் தலை நரைத்த ஒரு பெரியவர் மெதுவாக ஆரம்பிப்பார். “அந்தக் காலத்துல கர்ணன்னு ஒருத்தர் படம் எடுப்பாரு. குதிரை வரும் பாருங்க...” அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தில் பல்பு எரியும். “‘கங்கா’தானே? ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் பார்த்தேன் சார்...” குரல் மட்டும் தாழ்ந்தே இருக்கும். ஏதோ வட்டிக்குக் கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வது போல!

இந்த வெட்கம் தேவையா? தேவையே இல்லை. குறைந்த செலவில் எடுத்த சண்டைப் படத்தைப் பார்த்து விசில் அடித்தவன் யார் குடியையும் கெடுத்துவிடவில்லை. அந்தப் படங்களில் தலைகுனிய வேண்டிய சமாச்சாரமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது குதிரையும் துப்பாக்கியும் இல்லை. வேறு!

வெள்ளிக்கிழமை ஹீரோ

1965 பொங்கலுக்கு வந்த ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமானார் ஜெய்சங்கர். எம்.ஜி.ஆர்., சிவாஜி இரண்டு பேரும் உச்சத்தில் இருந்த நேரம். அவர்கள் கால்ஷீட் பெரிய கம்பெனிகளுக்கே கிடைப்பது கஷ்டம். சின்ன முதலாளி என்ன செய்வான்? கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு ஹீரோ வேண்டும். படம் சீக்கிரம் முடிய வேண்டும். போட்ட காசு திரும்ப வேண்டும்.

ஜெய்சங்கர் வந்தார். படத்துக்கு மேல் படம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் படம் வருகிறது என்று சொல்லும்படி ஆகி, ‘வெள்ளிக்கிழமை ஹீரோ’ என்றே பெயர் வந்துவிட்டது. சம்பளத்துக்குக் கொடுத்த செக் பாங்கியில் இருந்து திரும்பி வந்தாலும் மனுஷன் படப்பிடிப்பை நிறுத்தமாட்டார் என்று கோடம்பாக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் அவருக்குக் கோட்டும் துப்பாக்கியும் கொடுத்தது. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி அது. 1940-ல் ‘உத்தமபுத்திரன்’ மூலம் தமிழுக்கு இரட்டை வேடத்தைக் காட்டியதும், 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் முதல் கலர் படத்தைக் கொடுத்ததும் அதே கம்பெனிதான். 1963-ல் சுந்தரம் மறைந்த பிறகு மகன் பொறுப்பேற்றார். 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று வரிசையாக வந்தன. ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ பட்டமும் ஒட்டிக்கொண்டது.

அசல் ஜேம்ஸ்பாண்ட் ஆகாய விமானத்தில் ஊர் ஊராகப் பறப்பார். இங்கே வில்லனின் ரகசியக் குகை என்றால் செட்டுக்குள் நாலு கலர் பல்பு மினுக்மினுக் என்று எரியும். சுவரில் ஒரு பித்தான். அதை அழுத்தினால் கதவு திறக்கும். திறக்கும்போது அட்டைச் சுவரும் லேசாக ஆடும்! பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரசிகனுக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்துதான் கைதட்டினான். “செவுரு ஆடுதுடா!” என்று பக்கத்தில் இருப்பவன் தொடையில் தட்டுவதும் அந்த டிக்கெட்டுக்குள் அடக்கம்.

படித்தவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். மட்டமான படத்தை ரசிக்கிறவன் ஏமாந்து ரசிக்கவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். நாள் முழுக்க மூட்டை தூக்கினவனுக்கும், லெட்ஜரில் கூட்டல் போட்டுக் கண் பூத்துப்போன குமாஸ்தாவுக்கும் இரண்டரை மணி நேரம் நியாயம் சீக்கிரமாகக் கிடைக்கிற ஒரு உலகம் வேண்டியிருந்தது. முதலாளி திட்டினால் மறுநாளும் அதே முதலாளியிடம்தான் போக வேண்டும். ஜெய்சங்கர் அப்படியா? ஒரே குத்து!

காப்பி அடித்த பெருமை

“எல்லாம் வெள்ளைக்காரன் படத்தைப் பார்த்து அடிச்ச காப்பிய்யா” என்பார்கள். உண்மைதான். ‘வல்லவன் ஒருவன்’ ஒரு பிரெஞ்சு உளவாளிப் படத்தைத் தழுவியது. 1964-ல் வந்த ஓ.எஸ்.எஸ். 117 வரிசைப் படம் அது. மாடர்ன் தியேட்டர்சுக்கு இசையமைத்த வேதா, இந்திப் பாட்டு மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் ஊரறிந்த விஷயம்.

திருட்டு என்றால் திருட்டுதான். ஆனால் பட்டியல் சேலத்தோடு முடியவில்லையே! உலகமே மூக்கில் விரல் வைத்துப் பார்க்கும் இத்தாலியர் செர்ஜியோ லியோனி என்ன செய்தார்? 1964-ல் ‘ஏ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கவ்பாய் படம். எடுத்தது அமெரிக்காவில் அல்ல, செலவு குறையும் என்று ஸ்பெயின் நாட்டுப் பொட்டல் காட்டில்! கதை? ஜப்பானிய மேதை குரோசாவாவின் ‘யோஜிம்போ’. அனுமதி கேட்கவில்லை. வழக்கு வந்தது. வசூலில் 15 சதவீதம் கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தப் படத்தை இன்றைக்குக் கல்லூரியில் பாடமாக வைக்கிறார்கள். லியோனி எடுத்தால் கலை, கோடம்பாக்கத்துக்காரன் எடுத்தால் காப்பி! நல்ல நியாயம் ஐயா இது!

கர்ணனின் குதிரைகள்

லியோனியின் பொட்டல் காட்டுத் தூசி தமிழ்நாட்டுக்கும் பறந்து வந்தது. அதைக் கேமராவில் பிடித்தவர் எம்.கர்ணன்.

இவர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1963-ல் வந்த கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ படத்துக்குக் கேமரா இவர்தான். தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த படம் அது. அதே கை 1970-ல் ‘காலம் வெல்லும்’ எடுத்தது. பண்ணையாரின் கொடுமை தாங்காத விவசாயி, கொள்ளைக்கூட்டத்தில் சேர்ந்து பழிவாங்கும் கதை. ஜெய்சங்கர்தான் ஹீரோ. பிறகு 1972-ல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும். ‘ஜக்கம்மா’வில் நடிகையர் திலகம் சாவித்திரியே நடித்தார். 1980-ல் ‘ஜம்பு’. 1989-ல் ‘ரெட்டைக் குழல் துப்பாக்கி’.

இயக்கமும் ஒளிப்பதிவும் ஒரே ஆள். சம்பளமும் மிச்சம், சண்டை சச்சரவும் மிச்சம். ஆனால் அந்தப் படங்களில் குதிரை ஓடும் காட்சியை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சிக்கனம் தெரியாது. கேமரா தரையோடு தரையாகக் கிடக்கும். குளம்பு தலைக்கு மேலே பாய்வது போல வரும். பாறை, வெயில், தூசி, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரை. செட்டு போடக் காசு இல்லாதவனுக்கு மலையும் வெயிலும் இனாம். அந்த இனாமை வாங்கிப் பணக்காரப் படம் போலக் காட்டத் தெரிந்தவர் கர்ணன்.

கதையில் ஓட்டை இருக்கும். தமிழ்நாட்டுக் கிராமத்தான் எதற்குக் கவ்பாய் தொப்பி போட்டான் என்று கேட்டால் பதில் கிடையாது. துப்பாக்கியில் எத்தனை குண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தால் படம் பார்க்க முடியாது. கேட்கவும் கூடாது, எண்ணவும் கூடாது. அதுதான் ஒப்பந்தம்!

2012-ல் கர்ணன் காலமானபோது நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? அமெரிக்காவில் ரோஜர் கார்மன் என்று ஒருவர் இருந்தார். குறைந்த செலவுப் படங்களின் சக்கரவர்த்தி. 1960-ல் ஒரு படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்த ஆசாமி. நூறு படம் எடுத்தும் ஒரு காசு நஷ்டமில்லை என்று சுயசரிதைக்கே தலைப்பு வைத்தார். கொப்போலா, ஸ்கார்செசி, ஜேம்ஸ் கேமரூன் எல்லாம் ஆரம்பத்தில் அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான். 2009-ல் ஆஸ்கார்காரர்கள் அவரை மேடைக்கு அழைத்துக் கவுரவ விருது கொடுத்தார்கள். 2024-ல் 98 வயதில் அவர் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். 1971-ல் கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ தெலுங்குக் கவ்பாய் படம். கிருஷ்ணா 2022-ல் மறைந்தார். மறு வருஷமே, 2023 மே மாதம் அவர் பிறந்த நாளுக்கு அந்தப் படத்தை 4கே முறையில் சுத்தம் செய்து மறுபடியும் தியேட்டரில் விட்டார்கள். ஜனம் திரண்டு போய் விசில் அடித்தது. தமிழில்? 2010-ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்து, அதில் ஒரு ஊருக்கு ‘ஜெய்சங்கரபுரம்’ என்று பெயர் வைத்தார். நல்ல மரியாதை. அதோடு, அந்த மரியாதைக்குக் காரணமான பழைய படங்களையும் யாராவது தூசி தட்டிக் கழுவி வைத்தால் தேவலை. அவற்றைக் காட்டிய கெயிட்டி, சித்ரா, வெலிங்டன் மாதிரி கொட்டகைகள்தான் போய்விட்டன. பிலிம் சுருளாவது பிழைக்கட்டும்.

வெட்கப்பட வேண்டியது எது?

இனிப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டிய பகுதி.

அந்தக் காலத்துச் சண்டைப் படம் என்றால் கட்டாயம் ஒரு காட்சி இருக்கும். வில்லன் ஒரு பெண்ணைத் துரத்துவான். கதவைத் தாளிடுவான். கேமரா பார்க்கக்கூடாத இடத்தை எல்லாம் பார்க்கும். கதைக்காக வைத்தோம் என்பார்கள். சுவரொட்டியில் பெரிதாகப் போடுவது எதை? அதே காட்சியை! கதைக்காக வைத்தது சுவருக்கு எப்படி வந்தது? ‘ஜம்பு’ பெயரை இன்றைக்கும் பெரியவர்கள் குரல் தாழ்த்திச் சொல்வதற்குக் காரணம் குதிரை இல்லை. ஒரு பெண்ணின் அலறலை டிக்கெட்டாக மாற்றியவர்கள் வெட்கப்படட்டும். அங்கே விசில் அடித்த கையும் வெட்கப்படட்டும். இதில் ‘அது அந்தக் காலம்’ என்ற சமாதானம் செல்லாது.

ஆனால் குடும்பப் படக்காரர்கள் இதைக் கேட்டுக் காலர் தூக்கிக்கொள்ளவும் வேண்டாம். ‘தரமான குடும்பச் சித்திரம்’ என்று பேர் வாங்கிய எத்தனை படங்களில், எட்டி உதைத்த புருஷன் காலையே பிடித்துக்கொண்டு மனைவி அழுதாள்! தெலுங்கில் 1970-ல் விஜயலலிதா ‘ரவுடி ராணி’யாக வந்தார். உதைத்தவனைத் திருப்பி உதைத்தார். பேன்ட் போட்டுத் துப்பாக்கி பிடித்தார். உடையில் கவர்ச்சி இருந்ததா? இருந்தது. ஆனால் அடி வாங்கியது ஆம்பிளை! பின்னாளில் ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ஸாக வந்து தமிழ்நாட்டையே கைதட்ட வைத்த விஜயசாந்தி, இதே விஜயலலிதாவின் உறவுப் பெண். அந்தப் படத்தின் தெலுங்கு மூலமான ‘கர்த்தவ்யம்’ விஜயசாந்திக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ‘மட்டமான’ படத்தில் அத்தை விட்ட உதைக்கு, மகள் முறைக்காரி காலத்தில் டெல்லியில் மேடை போட்டார்கள்.

குறைந்த செலவு யார் செலவு?

சிக்கனமாக எடுத்தார்கள், சிக்கனமாக எடுத்தார்கள் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எதில் சிக்கனம்?

விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார்கள். திரையில் போடும்போது குத்து மின்னல் வேகத்தில் விழும். பகலில் எடுத்துவிட்டு லென்சுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டு ‘ராத்திரி’ என்பார்கள். ‘டிஷ்யூம்’ சத்தம் பிறகு சேர்ப்பது. இதெல்லாம் யாருக்கும் வலிக்காத சிக்கனம். கெட்டிக்காரத்தனம் என்று சபாஷ் போடலாம்.

மாடியில் இருந்து விழுகிறானே, அவன்? கீழே மெத்தை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே ஒரு கோணியை விரிப்பார்கள். ஓடும் குதிரையில் இருந்து உருள்கிறவனுக்கு அதுவும் கிடையாது. ஹீரோவின் விக்கை மாட்டிக்கொண்டு, ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் விழ வேண்டும். முகம் தெரிந்துவிட்டால் “ஒன் மோர்!” மறுபடியும் விழ வேண்டும். படத்துக்குச் செலவு குறைந்தது அவன் எலும்பை அடகு வைத்துத்தான். குதிரையின் கதியோ அதைவிட மோசம். கால் இடறி விழுந்த குதிரைக்கு என்ன ஆச்சு என்று தியேட்டரில் யார் கேட்டார்கள்? மிருகங்களை வைத்துப் படம் எடுக்கப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்ற விதிகள் வந்ததே 2001-ல்தான்.

குடியாத்தத்துக்காரர் ஜூடோ ரத்தினம் இந்தத் தொழிலுக்கே அடையாளமாக இருந்தவர். சண்டைப் பயிற்சியாளராக அவருக்கு முதல் படம் 1966-ல் அதே ‘வல்லவன் ஒருவன்’. பிறகு 1,200 படங்களுக்கு மேல் போய் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். 1980-ல் ‘முரட்டுக்காளை’ படத்தில் ரஜினிகாந்த் ரெயில் மேல் போட்ட சண்டையும் அவர் அமைத்ததே. அந்தப் படத்தில் வில்லன் யார் தெரியுமா? அதே வெள்ளிக்கிழமை ஹீரோ ஜெய்சங்கர்! ஒரே வருஷத்தில் ‘ஜம்பு’வில் கதாநாயகன், ஏவி.எம். படத்தில் வில்லன். மனுஷன் கவுரவம் பார்க்கவில்லை.

ரத்தினம் 2023 ஜனவரியில் காலமானார். 90 வயதைத் தாண்டிய முதுமை. மாஸ்டர் பேரையாவது ஊர் அறிந்தது. அவர் கைகாட்டிய இடத்தில் விழுந்தவர்கள்? டைட்டிலில் ‘ஸ்டண்ட்: ஜூடோ ரத்தினம் குழுவினர்’ என்று ஒரு வரி ஓடும். அந்தக் ‘குழுவினர்’ என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை பேர்? யார் யார்? கால் உடைந்து வீட்டோடு கிடந்தவர் எத்தனை?

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2016 நவம்பரில் பெங்களூர் அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரில் இருந்து நீர்த்தேக்கத்தில் 3 பேர் குதித்தார்கள். கதாநாயகன் கரை சேர்ந்தார். உடன் குதித்த 2 ஸ்டண்ட் நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாய்ந்து கவிழும் காட்சியை எடுத்தபோது ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரை விட்டார். இவை அட்டைச் சுவர் ஆடும் காலத்துப் படங்கள் இல்லை. பெரிய பணம் வந்த பிறகும் ஆள் மட்டும் பழைய விலைக்கே கிடைக்கிறான்!

இன்றைக்குக் கோடி கோடியாகக் கொட்டி எடுக்கும் படங்களில் என்ன இருக்கிறது? ஒரே ஆள் ஐம்பது பேரை அடிக்கிறான். கண்ணாடி உடைகிறது. வண்டி பறக்கிறது. ஜெய்சங்கர் செய்த அதே வேலை. அதற்கு ஊரே குடும்பத்தோடு போகிறது, குழந்தைக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுக்கிறது, மறுநாள் ஆபீசில் சத்தம் போட்டுப் பேசுகிறது. செலவு கூடினால் வெட்கம் போய்விடுமா? அப்படியானால் ரெயிலில் அந்தப் பெரியவர் குரலைத் தாழ்த்தியது சண்டைக்காக இல்லை. மலிவு டிக்கெட்டில் பார்த்ததற்காக!

அரசாங்கம் கொஞ்சம் விழித்திருக்கிறது. 2017-ல் அறிவித்த தேசிய விருதுகளில்தான் முதன்முதலாகச் சண்டைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயின் வாங்கினார். 2027-ல் வெளியாகும் படங்களில் இருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் விருது உண்டு என்று ஆஸ்கார் அகாடமி 2025 ஏப்ரலில் அறிவித்தது. விருது தொடங்கி 100-வது விழாவில்தான் அவர்களுக்கே ஞாபகம் வந்திருக்கிறது!

விருது மாஸ்டருக்குப் போகும். போகட்டும். ‘குழுவினர்’ பேரை எழுதுவதற்கு விருதும் வேண்டாம், விழாவும் வேண்டாம். வடபழனியில் ஸ்டண்ட் கலைஞர்கள் சங்கம் இருக்கிறது. தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ‘கங்கா’வில் எந்தக் குதிரையில் யார் இருந்தார், ‘காலம் வெல்லும்’ பாறையில் இருந்து உருண்டவர் யார் என்று விரல் நீட்டிச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் யாராவது இருந்தால், எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். தரமணி மாணவர்கள் நாலு பேர் ஒரு டேப்பும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. அடுத்த வருஷம் என்று தள்ளினால், கேட்பதற்கு ஆள் இருக்குமா என்பது சந்தேகம்.